என் பக்கத்துப் பிரேக்

நிறுத்துங்க சிஸ்டர், நிறுத்துங்க, நிறுத்துங்க! அந்தா ரயில்வே கேட்டு இறங்குது பாருங்க. ஆங், நின்னுருச்சு. நான் மிதிச்சேன், நின்னுருச்சு. நீங்களும் மிதிச்சீங்களா? நல்லது, மிதிங்க, பழக்கத்துக்கு ஆகும். ஆனா நிப்பாட்டுனது நான்.

எஞ்சின் அமந்துபோச்சா? அமரட்டும். கிளட்ச்ச அமுக்காம நிப்பாட்டுனா அப்படித்தான். நியூட்ரல்ல போட்டுட்டு உக்காருங்க. இந்தக் கேட்டு ஒரு ரயிலுக்குன்னு பூட்டுவாய்ங்க, ரெண்டு ரயிலு போனப்புறம்தான் திறப்பாய்ங்க. மானாமதுரைக்காரன் பாதி ஆயுசு இந்தக் கேட்டுலதான் கழியுது. எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவே இங்கனதான் நின்னோம். வாங்கிட்டுப் போன பூ பூராம் வாடிப்போச்சு.

அந்தக் கண்ணாடிய ஏன் இப்படி வெறிச்சு வெறிச்சுப் பாக்குறீங்க? பின்னாடி தண்ணி லாரி நிக்கிது, அவ்வளவுதான? நாம மேட்டுல நிக்கிறோம், கேட்டு திறந்ததும் நம்ம வண்டி பின்னாடி உருண்டு அவன் மூஞ்சியில போய் முட்டிருமோன்னு நினைக்கிறீங்க. ஸ்டியரிங்கப் பிடிச்சிருக்க கையப் பாருங்க, எப்படி நடுங்குதுன்னு. சுகாதார நிலையத்துல தினமும் எத்தன பேருக்கு ஊசி குத்துற கை இது! எனக்கு ஊசின்னா ஆகாது சிஸ்டர், மயக்கம் வந்துரும். அந்தக் கையே இங்க வந்து நடுங்குது பாத்தீங்களா, எனக்கு ஒரு சந்தோசம்.

கோவிச்சுக்காதீங்க. ஹேண்ட் பிரேக்கத் தொடாதீங்க, அது நம்ம வண்டியில கோயில் மாடு மாதிரி, சும்மா நிக்கும், வேல பாக்காது. அதுக்குத்தான் நான் இருக்கேன்ல. இந்தா என் காலுக்கடியில ஒரு பெடல் இருக்கு பாருங்க. டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கு மட்டும் உள்ள வசதி. இதுக்கும் உங்க பிரேக்குக்கும் நடுவுல சீட்டுக்கடியில ஒரு கம்பி ஓடும். நான் இங்க மிதிச்சா உங்க பெடல் அங்க தன்னால இறங்கும். இப்ப நான் ரெண்டு காலாலயும் மிதிச்சிருக்கேன். நீங்க கால எடுத்துக்கங்க, ஆறட்டும்.

எடுக்க மாட்டீங்களா? சரி, வலிக்கட்டும், எனக்கென்ன.

பயம் சிஸ்டர், இது பயம். எனக்குத் தெரியாதா? இதுல நான் டாக்டர் பட்டம் வாங்குனவன். போன கோடையில இந்த சீட்டுல உக்காந்து நான் பட்ட பாடு இருக்கே, அதச் சொன்னா உங்க நடுக்கம் நின்னுரும். எனக்குப் பயம்னு சொல்ல வரல. எனக்கு இருந்தது முன்னெச்சரிக்கை. அத ஊரே பயம்னு சொல்லுச்சு, அதான் வினை.

பாத்திரக்கடை வெள்ளைக்கண்ணுவத் தெரியும்ல? ஆளு அண்டா மாதிரி இருப்பாரு. மகன் கார் வாங்கிக் குடுத்துட்டான், ஓட்டப் படிக்கணும்னு நம்மகிட்ட வந்தாரு. நல்லாத்தான் ஓட்டுனாரு. பங்குனி வெயிலு. கடைவீதி முக்குல ஒரு கட்சிக்காரய்ங்க நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தாய்ங்க. எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, எல்லாக் கட்சிக்காரனும் நம்மகிட்டதான் வண்டி ஓட்டப் படிக்கிறான். ஒன்றியச் செயலாளர் மாலையும் கழுத்துமா நின்னு மொத டம்ளரத் தூக்குறாரு, போட்டோ எடுக்குறாய்ங்க. நம்ம வண்டி நேரா அதப் பாத்துப் போகுது.

நான் கத்துனேன், "மிதிங்க! மிதிங்க!"

வெள்ளைக்கண்ணு மிதிச்சாரு. ஆக்சிலேட்டர மிதிச்சாரு. மிதின்னா பிரேக்க மிதின்னு ஒரு மனுசனுக்குத் தெரிய வேணாமா? எதை மிதிக்கணும்னு அந்த நேரத்துல விளக்கமா வேற சொல்லணுமாம். அப்புறம் சண்டை போட்டாரு.

ஆத்தாடி, என்ன சத்தம்! மண்பானை பூராம் சரிஞ்சு, மோரு ஆறா ஓடுது. வெள்ளரிக்காய் ரோட்டுல உருளுது. ஒன்றியச் செயலாளர் மீசையில கருவேப்பிலை தொங்குது. ஆண்டவன் புண்ணியத்துல ஒருத்தருக்கும் கீறல் இல்ல. ஆனா ஒரு கூட்டம் கெளம்பிருச்சு, "எதிர்க்கட்சிக்காரன் காரு விட்டு ஆள அடிக்கப் பாக்குறான்"னு. எங்க ஓனர் சிக்கந்தர் பாய் ஓடியாந்து, ஒவ்வொருத்தன் கையையும் பிடிச்சு, கும்பிட்டு, கெஞ்சி, அவரே நின்னு புதுசா மோரு கரைச்சுக் குடுத்து அனுப்புனாரு.

அதுக்கப்புறம் எல்லாரும் என்னையக் கேக்குறாய்ங்க. "மலைச்சாமி, உன் பக்கமும் ஒரு பிரேக்கு இருக்குல்ல? நீ ஏன்யா மிதிக்கல?" செருப்பு வார் கம்பியில சிக்கிருச்சு சிஸ்டர். கால இழுக்குறேன், வரல. இதச் சொன்னா நம்ப மாட்டேங்குறாய்ங்க. மெக்கானிக் லூர்து அன்னிக்குச் சாயங்காலமே என் செருப்ப வாங்கிப் பாத்துட்டு, "இதுல வாரே இல்லையேண்ணே"ங்குறான். அது வேற செருப்பு. விடுங்க.

மறுநாள்ல இருந்து கால பிரேக்கு மேலயே வச்சுக்கிட்டேன். இதுல என்ன தப்பு? ஒரு தடவ பட்டவன் சூதானமா இருப்பானா இல்லையா? நாய் வந்தா மிதிப்பேன். ஆடு வந்தா மிதிப்பேன். ஆடு வர்ற மாதிரி இருந்தா மிதிப்பேன். ஒரு நாளு சுவத்துல ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரப் பாத்து மிதிச்சேன், அந்தாளு நேரா நம்மள நோக்கி வர்ற மாதிரியே நிக்கிறாரு சிஸ்டர், வெள்ள வேட்டியோட.

படிக்க வர்றவுகளுக்குப் பொறுமை இல்ல. ஷர்மிளா பானுன்னு ஒரு காலேஜ் பொண்ணு, கணக்குல கெட்டி, வாயும் கெட்டி. "அங்கிள், நாம ரெண்டாவது கியருக்கு எந்த வருசம் போவோம்?"னு கேக்குது. நான் சொன்னேன், "அவசரப்பட்டுப் போனவன் பூராம் ஆஸ்பத்திரியில இருக்கான்மா." "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கும் ரெண்டாவது கியர் வேணுமே அங்கிள்"ங்குது. இந்தக் காலத்துப் பிள்ளைக எது கேட்டாலும் ஒரு பதில் வச்சிருக்குங்க.

கடைவீதி முக்கு மட்டும் எனக்கு ஆகல. அந்தப் பக்கம் வண்டி திரும்புனா நெஞ்சு திக்கு திக்குங்கும், நாக்கு ஒட்டிக்கிரும், உள்ளங்கை பூராம் ஈரம், காதுக்குள்ள குக்கர் விசில் கேக்கும். வாயுக்கோளாறு சிஸ்டர். நீங்க நர்சு, உங்களுக்குத் தெரியும். காலையில பூரிக்கிழங்கு சாப்புட்டா அப்படித்தான். இட்லி சாப்புட்ட அன்னிக்கும் வந்துச்சு, அது முந்தின நாள் பூரி. நான் என்ன செஞ்சேன்? அந்தத் தெருவுல சாக்கடை வேலை நடக்குதுன்னு சொல்லி எல்லாரையும் ஊரச் சுத்திக் கூட்டிட்டுப் போனேன். கோடை பூராம் அங்க சாக்கடை வேலை நடந்துச்சு.

ஒரு நாளு பஸ் ஸ்டாண்டு வாசல்ல, நடு ரோட்டுல, மூச்சு அடைச்சுக்கிருச்சு. கதவத் திறந்து இறங்கிட்டேன். பானு பொண்ணு ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு "அங்கிள்! அங்கிள்!"னு கத்துது, பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான், நான் பாட்டுக்கு நடந்துபோய் பெட்டிக்கடை பெஞ்சுல உக்காந்துட்டேன். கடைக்காரர் ஒரு கோலி சோடாவ உடைச்சுக் குடுத்தாரு. குடிச்சேன். ஒரு ஏப்பம் வந்துச்சு பாருங்க, ஊரே திரும்பிப் பாத்துச்சு. வாயுதான்னு அப்பவே ஊர்ஜிதமாயிருச்சு. ஆனா பஸ் ஸ்டாண்டுல நின்ன சனம் வேற மாதிரி பேசுச்சு. "டிரைவிங் சொல்லிக்குடுக்குறவரு பயந்து இறங்கி ஓடிட்டாரு, பொம்பளப் பிள்ள தனியா வண்டிய ஓரங்கட்டுது"ன்னு. ஓடல. நடந்துதான் போனேன்.

வீட்டுலயும் லந்து. தூக்கத்துல வலது காலால உதைக்கிறேனாம். "கனவுலயும் பிரேக்கு போடுறீங்க, நான் என்ன தண்ணி லாரியா?"ன்னு என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் தலையணையத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. மடப்புரம் காளி கோயில்ல மந்திரிச்சு ஒரு கயிறு வாங்கியாந்து கால்ல கட்டிவிட்டா. கயிறு கட்டுன கால் இன்னும் அழுத்தமா மிதிக்குது.

அடுத்துதான் டெஸ்ட் நாளு வந்துச்சு. நம்ம பிள்ளைக வரிசையா லைசென்ஸ் டெஸ்டுக்குப் போயிருக்காக. என் சீட்டுல பிரேக் இன்ஸ்பெக்டர் உக்காந்திருக்காரு. மொத ஆளு, ஒரு வாத்தியாரு, வண்டிய எடுக்குறாரு. அழகா எடுக்குறாரு, கிளட்ச்சு அப்படியே பூ மாதிரி, என் பாடம் அது. மைதானக் கடைசியில சுவரு வருது. வாத்தியாரு நிப்பாட்டல. சுவரு கிட்ட வருது. நிப்பாட்டல. இன்ஸ்பெக்டர் பதறி, அவரு பக்கத்துப் பிரேக்க மிதிச்சு நிப்பாட்டிட்டு, "யோவ், பிரேக்கு போடத் தெரியாதா?"ங்குறாரு.

வாத்தியாரு சொல்றாரு, "எங்க வண்டியில பிரேக்கு தானா விழும் சார்."

அடுத்த ஆளும் அப்படியே. அதுக்கடுத்த ஆளும் அப்படியே. அன்னிக்குப் போன நம்ம ஆளுக ஒருத்தர் பாக்கி இல்லாம ஃபெயிலு. ஒருத்தருக்கும் பிரேக்குல கால் வைக்கணும்னே தோணல. நான் சொல்லிக்குடுக்காமலா இருப்பேன்? வாயால எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். கவனிக்கிறது இல்ல சிஸ்டர், போன நோண்டிக்கிட்டே வந்தா எப்படி ஏறும்?

பாய் என்னையக் கூப்புட்டு கதவச் சாத்துனாரு. நல்ல மனுசன், சத்தமே போட மாட்டாரு. அதான் இன்னும் பயம்... முன்னெச்சரிக்கையா இருந்துச்சு. "மலைச்சாமி, நாளையில இருந்து நீ வண்டியில ஏற வேணாம். ஆபீஸ்ல ஃபேனுக்கடியில உக்காந்து அப்ளிகேசன் எழுது. சம்பளம் அதே சம்பளம்"னாரு.

வயித்துல அடிச்சாக்கூட தாங்கியிருப்பேன். கல்யாணத்துக்கு முந்தியிருந்து நான் உக்காந்த சீட்டு சிஸ்டர் இது. இந்த ஊருல பாதிப் பேரு நான் "கிளட்ச்ச விடுங்க, பைய விடுங்க"ன்னு சொல்லித்தான் கார் ஓட்டுறான். தாசில்தார் என்னையப் பாத்தா வண்டிய நிப்பாட்டி வணக்கம் வைப்பாரு. அந்த ஆளு ஃபேனுக்கடியில உக்காந்து பசை தடவி போட்டோ ஒட்டணுமா? கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆமா, அழுதேன், அதுக்கென்ன? "பாய், என்னைய வேணும்னா நிப்பாட்டிருங்க, அந்த நாற்காலியில மட்டும் உக்கார வச்சுராதீங்க. வண்டியில இல்லாட்டி நான் எதுக்கும் ஆக மாட்டேன் பாய்"னு சொன்னேன்.

பாய் என் மூஞ்சியவே ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் என் காலப் பாத்தாரு. அப்புறம் லூர்துக்குப் போனப் போட்டு, "வண்டி சர்வீசுக்கு வருது"ன்னாரு.

அந்தா ரயிலு வருது. ஹாரன் சத்தம்தான், பதறாதீங்க! ... கூட்ஸு போல. எத்தன பெட்டி பாருங்க. அப்ப இன்னொரு ரயிலும் வரும்.

எங்க விட்டேன்? சர்வீசு. அதுதான் சிஸ்டர் திருப்பம். லூர்து வண்டியக் கொண்டுவந்து விட்டுட்டு, "அண்ணே, உங்க பிரேக்க நல்லா இளக்கி விட்டுருக்கேன். நீங்க எவ்வளவு மிதிச்சாலும், எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் எடுத்துக்கிரும்"னான். ஏறி உக்காந்து மிதிச்சுப் பாக்குறேன், அடேயப்பா, பஞ்சு! உள்ள குனிஞ்சு பாத்தா புது ஸ்பிரிங் ஒண்ணு மாட்டியிருக்கான், சைக்கிள் சீட்டுக்கடியில இருக்குமே, அதே மாதிரி. நான் பாட்டுக்கு மிதிக்கிறேன், வண்டி பாட்டுக்கு ஓடுது. நாயப் பாத்து மிதிக்கிறேன், வண்டி லேசா ஒதுங்கிப் போகுது. போஸ்டரப் பாத்து மிதிக்கிறேன், அந்தாளு அங்கயே நிக்கிறாரு. நமக்கு அளவு வந்துருச்சு சிஸ்டர். எப்ப எவ்வளவு மிதிக்கணும்ங்குற நிதானம் கால்ல வந்து உக்காந்துருச்சு. நிதானம் வந்ததும் வாயு போச்சு. மொத தடவ கடைவீதி முக்கத் தாண்டுறப்ப கண்ண மூடிக்கிட்டு மிதிச்சேன், முழிச்சுப் பாத்தா போஸ்ட் ஆபீஸ் வந்துருச்சு.

பிள்ளைகளுக்கும் எங்கிருந்தோ பொறுப்பு வந்துருச்சு. மொத நாள்லயே கால் பிரேக்குலதான் இருக்கு. பாய் ஒரு புது வழக்கம் வச்சுட்டாரு, புதுசா யாரு சேந்தாலும் மொதல்ல அவரு ரூமுக்குக் கூப்புட்டு கதவச் சாத்திக்கிட்டு ஏதோ பேசுவாரு. நீங்களும் போனீங்கள்ல? பீஸு விசயமாத்தான் இருக்கும். வெளிய வர்றவுக பூராம் என் காலப் பாத்துட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாக. கயிறு கட்டியிருக்கேன்ல, அதான்.

ஒரே ஒரு தடவ, ஒரு மேட்டுல வண்டி பின்னாடி ஒரு முழம் உருண்டுச்சு. நான் ரெண்டு காலாலயும் மிதிச்சிருக்கேன், உருளுது! லூர்துகிட்டக் கேட்டேன். "குழாய்க்குள்ள காத்து அடைச்சிருக்கும்ணே"ன்னான். வண்டிக்கும் வாயு வரும் போல. பாவம், உழைக்கிற பய. டெஸ்ட் அன்னிக்குக் காலையில வெள்ளன வந்து வண்டிக்கடியில படுத்து ஏதோ முடுக்குவான். சாயங்காலம் வந்து ஏதோ கழட்டுவான். ஆயில் செக்கிங்காம். இப்ப நம்ம ஸ்கூல்ல டெஸ்டுக்குப் போனா எல்லாரும் பாஸு. பாய் நோன்புப் பெருநாளைக்கு எனக்கு ஒரு சட்டை எடுத்துக் குடுத்தாரு. "உன்னாலதான் மலைச்சாமி"ன்னாரு. பின்ன யாரால?

அதான் சொல்றேன் சிஸ்டர், பயம்ங்குறது மனசுல இருக்கு. சனங்க அறிவில்லாம இருக்காக. உங்க சுகாதார நிலையத்துலயே பெருசுக வந்து, ஊசி போட்டாத்தான் போவோம்னு அடம் பிடிச்சு உக்காந்திருமாமே? நீங்களும் சும்மா ஒரு சத்து ஊசியக் குத்தி அனுப்புவீங்களாமே? அதுவும் "ஆகா, வலி பறந்துருச்சு"ன்னு எந்திரிச்சுப் போகுமாமே? எனக்குச் சிரிப்பா வரும். உள்ள என்ன இருக்குன்னே தெரியாம நம்புதுக பாருங்க!

ஏன் என்னைய அப்படிப் பாக்குறீங்க?

சரி, இந்தா ரெண்டாவது ரயிலும் வந்துருச்சு. இது போனா திறந்துருவாய்ங்க. இப்ப பாடத்தக் கேளுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. கிளட்ச்ச முழுசா அமுக்குங்க. ஃபர்ஸ்ட் கியர். ஆங். கேட்டு திறந்ததும் கிளட்ச்ச பைய விடுங்க. பாதி வரும்போது வண்டி நடுங்கும். அதப் பாத்துப் பயந்து திரும்ப அமுக்கிராதீங்க. நடுங்குனா கெளம்பப் போகுதுன்னு அர்த்தம். அந்த நடுக்கத்துல ஆக்சிலேட்டரக் குடுத்தா ஏறிரும். பிரேக்கப் பத்தி நினைக்கவே வேணாம், அத நான் பாத்துக்கிறேன். இப்பவே கால எடுத்து ஆக்சிலேட்டர் மேல வச்சுக்கங்க.

எடுங்கங்குறேன்.

ஏன்? ... என் பிரேக்க நம்பக் கூடாதா? யாரு சொன்னா? ... பாயா?

என்ன சொன்னாரு?

... சும்மா சொல்லாதீங்க சிஸ்டர். கம்பியக் கழட்டி வச்சிருக்காரா? பாயா? அட போங்க. இந்தா, நான் மிதிக்கிறேன், பாருங்க. ரெண்டு காலாலயும் மிதிச்சிருக்கேன். நீங்க ஒரே ஒரு செகண்டு கால எடுங்க. என்னதான் ஆகுதுன்னு பாப்போம். எடுங்க. நான் சொல்றேன்ல, எடுங்க!

அய்யய்யோ! பிடிங்க, பிடிங்க, பிடிங்க! பிரேக்கு! பிரேக்க மிதிங்க! ...

நின்னுருச்சா? நின்னுருச்சு. லாரிக்காரன் திட்டுறான், திட்டட்டும். நின்னுருச்சு.

அப்ப இவ்வளவு நேரமா வண்டியப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நீங்களா?

... எப்ப இருந்து சிஸ்டர்? சர்வீசுல இருந்தா? அந்த ஸ்பிரிங்கு... ஆத்தாடி. லூர்துப் பயலே. ஆயில் செக்கிங்காடா ஆயில் செக்கிங்கு! பாய் உங்ககிட்ட என்ன சொன்னாரு, ஒரு எழுத்து விடாம சொல்லுங்க. "மலைச்சாமி மாதிரி கிளட்ச் சொல்லிக்குடுக்க இந்த ஜில்லாவுலயே ஆள் இல்ல..." சரி. "...வாய நம்புங்க, கால நம்பாதீங்க." இப்படியா சொன்னாரு? எல்லார்கிட்டயுமா? பானு பொண்ணுகிட்டயுமா? ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாதா? வெக்கமா இருக்கு சிஸ்டர். இறங்கி ஓடிரலாம் போல இருக்கு. இந்தா, கை கதவுக்குத்தான் போகுது.

நெஞ்சு அடைக்குது. வாயு இல்ல. பூரியும் இல்ல, காலையில கஞ்சிதான் குடிச்சேன். செருப்பு வாரும் சிக்கல. அன்னிக்கு அந்தப் பந்தலப் பாத்ததும் கால் கல்லாப் போச்சு சிஸ்டர். பயம். பயந்துட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. பின்னாடி லாரி நிக்கிது, வண்டி மேட்டுல நிக்கிது, எனக்குப் பிரேக்கு இல்ல.

இருங்க. ஒரு நிமிசம் இருங்க.

சர்வீசுக்கப்புறம் எத்தன பேரு! எத்தன மேடு, எத்தன நாயி, எத்தன பஸ்ஸு! அந்தக் கடைவீதி முக்கு! அத்தனையிலயும் நான் பிரேக்கே இல்லாத சீட்டுலயா உக்காந்து வந்திருக்கேன்? படிக்க வந்தவய்ங்க கையில உசுரக் குடுத்துட்டு, பிரேக்கு இல்லாம? எவன்யா என்னையப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னது? இந்த ஜில்லாவுல இப்படி உக்காந்தவன் ஒருத்தன் இருக்கானா? அந்த ஒன்றியச் செயலாளர வந்து உக்காரச் சொல்லுங்க பாப்போம்!

கேட்டு தூக்குது. ஹாரன் அடிக்கிறாய்ங்க. அடிக்கட்டும், அவனுகளுக்கு வேற வேல இல்ல.

நான் இறங்க மாட்டேன். இந்தா பாருங்க, கதவுல இருந்து கைய எடுத்துட்டேன். கால ரெண்டையும் தூக்கி சீட்டு மேல சம்மணம் போட்டுட்டேன். இனிமே என் கால் பக்கமே வராது. பிரேக்கு உங்களோடது. கிளட்ச்சு உங்களோடது. வாய் மட்டும் என்னோடது. பிரேக்க மிதிச்சபடியே கிளட்ச்ச விடுங்க. பைய. இன்னும் பைய. என்னையப் பாக்காதீங்க, நான் நடுங்குறது என் பாடு, வண்டி நடுங்குதான்னு மட்டும் பாருங்க. நடுங்குதா? நடுங்குதா? விடுங்க பிரேக்க! ஆக்சிலேட்டர்! போங்க, போங்க, போங்க, போங்க...

...

தாண்டிட்டமா? கண்ணத் திறக்கலாமா?

சிரிக்காதீங்க, ரோட்டப் பாருங்க. ரெண்டாவது கியர் போடுங்க. ஆங், அப்படித்தான். நேரா போய் கடைவீதிப் பக்கம் திருப்புங்க. அங்க சாக்கடை வேலையெல்லாம் ஒண்ணும் நடக்கல.

சிஸ்டர், ஒரு உதவி. பாய் கேட்டா எனக்கு விசயம் தெரியும்னு சொல்லிராதீங்க. பிரேக்கு இல்லன்னு தெரிஞ்சும் மலைச்சாமி உக்காந்திருக்கான்னு தெரிஞ்சா, அந்த மனுசன் பாவம், பயந்துருவாரு.